அத்தைக்கு மூன்று வருடமாக இருபத்து நான்கு வயது

நாலாம் வகுப்பில் எனக்குக் கூட்டல் வரும், கழித்தல் வரும், பெருக்கலும் வகுத்தலும் தட்டுத் தடுமாறியாவது வந்துவிடும். வெறும் எண்ணாகக் கொடுத்தால் எந்தக் கணக்கையும் போட்டுவிடுவேன். அதையே கதை மாதிரி எழுதிக் கொடுத்தால் போச்சு. 'ஒரு வியாபாரி அறுபது முட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு சென்றார். வழியில் பன்னிரண்டு முட்டைகள் உடைந்துவிட்டன. மீதி எத்தனை?' என்று கேட்டிருப்பார்கள். எனக்கு அந்த வியாபாரியைப் பற்றிய கவலை பிடித்துக்கொள்ளும். சைக்கிளில் போனாரா, பஸ்ஸில் போனாரா? முட்டை உடைந்தது யாருடைய தப்பு? வீட்டுக்குத் திரும்பினால் அவர் பெண்டாட்டி சும்மா விடுவாளா? இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் டீச்சர் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். அவசரத்தில் இரண்டு எண்ணையும் கூட்டி எழுபத்திரண்டு முட்டை என்று எழுதி வைப்பேன். உடைந்த பிறகு முட்டை கூடிப்போன அதிசயத்தைக் கேட்டு வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அதற்குத் தனியாக ஒரு அடி விழுந்தது.

1991-ல், காலாண்டுப் பரீட்சையில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு அப்பா எனக்குக் கணக்குச் சொல்லித்தர உட்கார்ந்தார். அப்பா பெங்களூர் ரோட்டில் ஒரு லாரி உதிரிபாகக் கம்பெனியில் லேத் மெஷினில் இருந்தார். முதல் ஷிப்ட் முடித்து வந்து, முகம் கழுவி, சட்டையில்லாமல் உட்காருவார். கணக்கைச் சத்தமாகப் படித்துவிட்டு, "இப்ப இன்னா பண்ணணும், சொல்லு" என்பார். நான் கணக்கைப் பார்க்கமாட்டேன், அவர் முகத்தைத்தான் பார்ப்பேன்.

"கூட்டணும்பா" என்று ஆரம்பிப்பேன். புருவம் ஏறினால், "இல்லப்பா, கழிக்கணும்." மூக்கு விடைத்தால், "பெருக்கணும்." இப்படியே போனால் நாலில் ஒன்றில் அப்பாவின் முகம் தெளிந்துவிடும். பெண்ணுக்குக் கணக்கு வந்துவிட்டது என்று அவரும் சந்தோஷமாக எழுந்து போவார். பள்ளிக்கூடத்தில் அப்பாவின் முகம் இல்லாததுதான் பிரச்சினை. அம்மாவிடம் போனால் இதைவிடச் சுலபமான வழி இருந்தது. "பெரிய நம்பரு, சின்ன நம்பரு இருந்தா கழிச்சுடு. ரெண்டும் ஒரே சைஸுல இருந்தா கூட்டிடு" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அம்மா சொன்ன வழியில் போய் நான் இன்னும் ரெண்டு மார்க் இழந்தேன்.

கடைசியாகத்தான் அத்தை என்னைக் கையில் எடுத்தாள். அத்தை அப்பாவின் ஒரே தங்கை, எங்களோடுதான் இருந்தாள். பிளஸ் டூ முடித்தவள். சுவிட்ச் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் லைனில் உட்கார்ந்து பொருத்தும் வேலை. காலையில் பென்னலூர் கூட்ரோட்டில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டு வந்து விடும். பழுது என்று ஒதுக்கிய சுவிட்ச் பித்தான்களை சூப்பர்வைசரிடம் கேட்டு ஒரு பை நிறைய எனக்குக் கொண்டு வந்தாள். வெள்ளையும் பழுப்புமாக வழவழவென்று இருக்கும். அவற்றைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டுதான் எங்கள் பாடம் நடக்கும்.

முதல் நாளே அத்தை ஒரு காரியம் செய்தாள். கணக்கில் இருந்த எண்களையெல்லாம் விரலால் மூடிக்கொண்டு, "இப்ப படி" என்றாள்.

"ஒரு வியாபாரி முட்டைகளைச் சந்தைக்குக் கொண்டு சென்றார். வழியில் முட்டைகள் உடைந்துவிட்டன. மீதி எத்தனை?"

"அந்தாளு கூடையில முட்டை ஏறிச்சா, எறங்கிச்சா?"

"எறங்கிச்சி."

"அவ்ளோதான் கணக்கு. நம்பர அப்புறம் பாத்துக்கலாம்."

"அத்தே, அந்தாளு வூட்டுக்குப் போனா..."

"அவன் வூட்டுக்குப் போயி அடி வாங்கட்டும். அத இங்க கேக்கல." அப்புறம் மூன்று விரலை நீட்டி ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாள். "மூணே கேள்விதான். கணக்குல யாரு யாரு கீறாங்க? நமக்கு இன்னா சொல்லிக்கீறாங்க? இன்னா கேக்கறாங்க? இந்த மூணையும் வாய் விட்டுக் கேட்டுட்டு அப்புறம் பென்சிலத் தொடு."

எனக்கு அத்தையை ரொம்பப் பிடிக்கும். மற்றவர்களைப் போல என் கேள்விகளைக் கிறுக்கு என்று சொல்லாமல், எந்தக் கேள்வி கணக்குக்குள்ளே, எது வெளியே என்று பிரித்துக் காட்டினாள். வெளியே போன கேள்விகளுக்கும் பாடம் முடிந்ததும் பதில் சொல்வாள். அந்த முட்டை வியாபாரிக்கு நாங்கள் ஒரு பெண்டாட்டியையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு கோபக்கார மாமியாரையும் உண்டாக்கி வைத்திருந்தோம். பதினைந்து நாளில் என் நோட்டில் கதைக் கணக்குகளுக்கும் சிவப்பு மையில் சரி விழ ஆரம்பித்தது.

இந்த இடத்தில் அத்தையின் வயதைச் சொல்லியாக வேண்டும். அத்தைக்கு முதன்முதலாக மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது இருபத்து நான்கு வயது. அப்பா தரகரிடம் அதைச் சொன்னார், அப்போது அது உண்மை. அந்த இடம் அமையவில்லை. அடுத்த வருடம் வந்தவர்களிடமும் அப்பா இருபத்து நான்கு என்றார். அதற்கடுத்த வருடமும் அதேதான். ஜாதகம் கேட்டால், வெள்ளத்தில் போய்விட்டது, பெயர் ராசி பார்த்துக்கொள்ளுங்கள் என்பார். ஏரித் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை. பெண்ணுக்கு வயது ஏறினால் அவளைவிட மூத்த மாப்பிள்ளை வேண்டும், மூத்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் கல்யாணமாகிவிட்டது, அதனால் பெண்ணுக்கு வயது ஏறவே கூடாது. அப்பாவுக்குத் தெரிந்த கணக்கு அது. இப்படி அத்தை வருடா வருடம் இருபத்து நான்கிலேயே நின்றாள். நான் மட்டும் ஆறிலிருந்து ஏழாகி, எட்டாகி, ஒன்பதாகிவிட்டேன்.

"யாராவது அத்தைக்கு எத்தினி வயசுன்னு கேட்டா, இருபத்தி நாலுன்னு சொல்லணும்" என்று அம்மா எனக்குப் பாடமாக வைத்திருந்தாள். நானும் மறக்காமல் சொல்லிவந்தேன்.

தீபாவளிக்கு முன்னால் தரகர் ஒரு இடம் கொண்டு வந்தார். பையன் வல்லம் பக்கம், பிட்டர் வேலை, வயது இருபத்தாறு, அப்பா கிடையாது. அம்மாவும் தாய்மாமனும்தான் எல்லாம். "மாமன் ஹெட்மாஸ்டரு. அந்தாளுக்கு ஒரு வியாதி கீது. சின்னப் பசங்களப் பாத்தா ஒரு கணக்கு கேக்காம உட மாட்டாரு" என்று தரகர் சொல்லவும் எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே இருந்த அத்தை மட்டும் கதவருகே வந்து, "நெசமாவாண்ணே?" என்று கேட்டாள். கல்யாணப் பெண் கேட்கிற கேள்வியா இது என்று அம்மா அவளை முறைத்தாள்.

தரகர் போகும்போது அப்பாவிடம் இன்னொன்றும் சொன்னார். இதையும் விட்டால் தன்னிடம் இருப்பதெல்லாம் இரண்டாம் தாரம்தான் என்றார். காஞ்சிபுரம் பக்கம் ஒருத்தர், பெண்டாட்டி தவறிவிட்டாள், இரண்டு பிள்ளைகள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அத்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாளிலிருந்து முட்டை, மாம்பழம், ரயில் எல்லாவற்றையும் அத்தை மூட்டை கட்டிவிட்டாள். வயதுக் கணக்குதான். ஒரு அண்ணன், ஒரு தம்பி. ஒரு அப்பா, ஒரு மகன். அப்புறம் ஒரு நாள், "ஒரு வூட்டுல ஒரு பொண்ணும் அவ அத்தையும் கீறாங்க. பொண்ணுக்கு ஒம்போது வயசு. அத்தைக்கு அவ வயசப் போல மூணு மடங்கு. அத்தைக்கு எத்தினி வயசு?" என்றாள்.

வரிசைக்கு ஒன்பதாக மூன்று வரிசை பித்தான்களை அடுக்கி எண்ணினேன். இருபத்தேழு வந்தது. அடுக்கியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கும் ஒன்பது வயதுதான்.

"அத்தே, இது நம்ம வூடா?"

"ஆமா."

"அப்பா இருபத்தி நாலுன்னு சொல்றாரு. கணக்குல இருபத்தேழு வருது. எது ரைட்டு?"

அத்தை கொஞ்ச நேரம் பித்தான்களைக் கலைத்துக்கொண்டிருந்தாள். "வயசு கேட்டா இருபத்தி நாலு. கணக்கு கேட்டா இருபத்தேழு. கணக்குல மட்டும் பொய் சொல்லக் கூடாது" என்றாள். எனக்கு அது முழுத் திருப்தியாக இருந்தது. பெரியவர்கள் வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றும் உடுத்துவதில்லையா, அதுபோல என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கை அவள் தினமும் என்னைச் சொல்லச் சொன்னாள். விடையை இல்லை, கணக்கைச் சொல்லச் சொன்னாள். நீயே டீச்சர் மாதிரி கேள், நான் போடுகிறேன் என்பாள். எனக்கும் டீச்சராக இருக்கப் பிடித்திருந்தது.

பெண் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சின்னப் பிள்ளை எதையாவது உளறும், பக்கத்து வீட்டில் விட்டுவிடலாம் என்றாள் அம்மா. "அவ இருந்தாத்தான் எனக்குக் கை கால் ஒதறாம இருக்கும் அண்ணி" என்று சொல்லி அத்தை என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். தன் தலையைப் பின்னிக்கொள்வதற்கு முன்னால் எனக்குப் பின்னிவிட்டாள்.

பையனின் அம்மா பாயில் அமர்ந்து வீட்டின் ஓட்டுக் கூரையையும் சுவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் நல்ல உயரம். கேசரித் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்திருந்தார். ஹெட்மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்ததுமே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"எத்தனாவது படிக்கிற?"

"நாலாவது சார்."

அவ்வளவுதான். எட்டு வரிசை மாமரம் வந்தது. வரிசைக்குப் பன்னிரண்டு மரம், அதில் ஆறு பட்டுப்போய்விட்டது, மீதி எத்தனை என்றார். அத்தை காபித் தட்டோடு வந்து குனிந்த தலையோடு நின்றதுகூட அவர் கண்ணில் படவில்லை. நான் விரலை மடக்கி, "யாரு கீறாங்க, மாமரம் கீது. இன்னா சொல்லிக்கீறாங்க..." என்று சத்தமாக ஆரம்பித்துத் தொண்ணூறில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஹெட்மாஸ்டர் அசந்துவிட்டார். "பலே! யார் சொல்லிக் குடுத்தது?"

"எங்க அத்தை."

"பொண்ணு கெட்டிக்காரிதான்" என்று தன் தங்கையைப் பார்த்துச் சொன்னார். பையனின் அம்மா முகத்தில் முதன்முதலாக ஒரு சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், சரியான விடைக்கு வரும் முகம் அது. "சரி, இப்ப நீ ஒரு கணக்கு கேளு, நான் போடறேன்" என்றார் ஹெட்மாஸ்டர்.

இதைத்தானே அந்த வாரம் முழுக்கப் பழகியிருந்தேன். கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். "ஒரு வூட்டுல ஒரு பொண்ணும் அவ அத்தையும் கீறாங்க. பொண்ணுக்கு ஒம்போது வயசு. அத்தைக்கு அவ வயசப் போல மூணு மடங்கு. அத்தைக்கு எத்தினி வயசு?"

அம்மா என்னை நோக்கிக் கையை நீட்டினாள். அதற்குள் ஹெட்மாஸ்டருக்கு விடை வந்துவிட்டது. பாவம், அவர் வாழ்நாளில் விடை தெரிந்து வாயை மூடிக்கொண்டிருந்ததே இல்லை. "இருபத்தேழு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "சரியா?"

"சரி சார்" என்றேன்.

பையனின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "உனக்கு எத்தினி வயசும்மா?"

"ஒம்போது."

"இதோ நிக்கிறாங்களே, இந்த அத்தையா?"

"ஆமா."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்து, வெள்ளத்தில் ஜாதகம் என்று ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். அப்போது அந்தப் பையன் என்னைப் பார்த்துக் கேட்டார். "எனக்கு இருபத்தாறு. அப்ப உங்க அத்தைக்கு நான் எத்தினி வயசு சின்னவன்?"

"ஒண்ணு" என்றேன். அவர் சட்டென்று மடியிலிருந்த தட்டைக் குனிந்து பார்த்தார். அவர் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. அத்தை தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். பெண் பார்க்க வந்தவர்களை அத்தை நேராகப் பார்த்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அதற்குள் அவர் அம்மா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, "ஊர்ல கலந்துகினு சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் தெருமுனை தாண்டியதும் அப்பா என்னை நோக்கி வந்தார். அத்தை நடுவில் வந்து நின்றாள். "அவள இன்னாத்துக்கு அடிக்கிற? கணக்கத் தப்பாப் போட்டாளா?"

"பொண்ணு மூத்தவன்னா எவன்டி கட்டுவான்? இனிமே உன்ன அந்த ரெண்டாந்தாரத்துக்குத்தான் குடுக்கணும். தெரியுதா?" அப்பாவின் குரல் உடைந்துபோயிருந்தது. கோபம் என்று அப்போது நினைத்தேன். தங்கைக்கு ஒரு வழி செய்ய முடியாத மனுஷனின் பயம் அது.

"தெரியும்ணா. ஆனா நாளைக்குத் தெரிஞ்சி அந்த வூட்டுல நான் திருடி மாதிரி நிக்கறதுக்கு இது தேவல" என்றாள் அத்தை.

அம்மா அழுதாள். அத்தையும் அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் மீந்துபோன கேசரியை ஒரு தட்டில் எடுத்து வந்து, எனக்கு ஒரு வாய் கொடுத்து, தானும் நிதானமாகச் சாப்பிட்டாள். முந்திரியெல்லாம் பொறுக்கி எனக்கே கொடுத்தாள். கல்யாணம் கெட்டுப்போன வீட்டில் இப்படிச் சாப்பிடலாமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது, ஆனால் கேசரி நன்றாக இருந்தது.

தீபாவளி போனது. தரகர் காஞ்சிபுரத்துப் பேச்சை எடுத்தார். அப்பா சரியென்றும் சொல்லாமல் வேண்டாமென்றும் சொல்லாமல் நாளைக் கடத்தினார். அத்தை எனக்கு வகுத்தலில் கதைக் கணக்குகளை ஆரம்பித்தாள். ஆனால் அவள் கவனம் அதில் இல்லை. நான் தப்பாகப் போட்டதைக்கூடச் சரி என்று சொல்லிவிடுவாள். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் நிமிர்ந்து பார்ப்பாள்.

கார்த்திகை தீபம் முடிந்த ஒரு சாயங்காலம், அந்தப் பையன் சைக்கிளில் வந்து எங்கள் வாசலில் இறங்கினார். கூட அம்மாவும் இல்லை, மாமனும் இல்லை. மாப்பிள்ளை தனியாக வருவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அப்பா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்கார வரலண்ணே. பாப்பாகிட்ட ஒரு கணக்கு கேக்கணும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பித்தான் பையோடு ஓடி வந்தேன்.

"ஒருத்தனுக்கு இருபத்தாறு வயசு. ஒரு பொண்ணுக்கு இருபத்தேழு. இன்னும் எத்தினி வருஷம் போனா அவன் அந்தப் பொண்ண விடப் பெரியவன் ஆவான்?"

விரலை மடக்கினேன். யார் இருக்கிறார்கள், ஒருத்தனும் ஒரு பெண்ணும். என்ன சொல்லியிருக்கிறார்கள், வயது. "இன்னா கேக்கறாங்க..." என்று நான் மூன்றாவது விரலை மடக்கும்போது அவர், "அதான் முக்கியம், அத நல்லாக் கேளு" என்றார். என்னிடம் சொல்லிவிட்டு ஏனோ அடுப்பங்கரைக் கதவைப் பார்த்தார்.

பத்து வருடம் போட்டுப் பார்த்தேன். முப்பத்தாறு, முப்பத்தேழு. இருபது வருடம் போட்டேன். நாற்பத்தாறு, நாற்பத்தேழு. பித்தான் போதவில்லை. பல் விழுந்து கிழவன் கிழவி ஆகும் வரை இழுத்துக்கொண்டு போனேன். அந்த ஒன்று குறையவே இல்லை.

"ஆவவே மாட்டான் மாமா" என்றேன்.

"அதத்தான் எங்கம்மாகிட்டயும் இத்தினி நாளா போட்டுக் காட்டினேன். இப்பத்தான் ஒத்துக்கினாங்க" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "எப்பவும் ஆவ மாட்டான்னா, காத்துக்கினு இருந்து இன்னாண்ணே பிரயோஜனம்?"

அப்பாவுக்கு நான் அதுவரை எந்தக் கணக்குக்கும் பார்க்காத ஒரு முகம் வந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே அத்தை வாய்விட்டுச் சிரித்த சத்தம் கேட்டது.

யாரும் எனக்குச் சபாஷ் சொல்லவில்லை. எனக்குக் கோபமாக வந்தது. நேராக உள்ளே போய், "அத்தே, அவரு தப்புக் கணக்கு குடுத்துட்டாரு. இதுக்கு விடையே வராது" என்றேன்.

"வந்துடுச்சிடி" என்றாள் அத்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

அந்த வருடமெல்லாம் அத்தை எனக்குத்தான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் என் வாயில் ஒரு கேள்வியை வைத்து வெளியே அனுப்பியிருக்கிறாள். கேட்டுவிட்டு, பதில் வருமா வராதா என்று தெரியாமல் ஒரு மாதம் வாசலைப் பார்த்திருக்கிறாள். யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. என்ன சொல்லியிருக்கிறார்கள் என்றும் தெரிந்தது. மூன்றாவது விரலை மடக்கத்தான் மடக்கினேன், அத்தை என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே பாயை விரித்து அவர்கள் தை மாதத்து முகூர்த்தங்களைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, இன்னும் ஒரு முப்பது வருடம் கூட்டிப் பார்க்கலாம், எங்கேயாவது சமமாகிவிடும் என்று மறுபடியும் பித்தான்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.